குதிரையில் ஒரு விரிசல்

விம்மல் கேட்க இரண்டு ஒலிகள் வேண்டும் என்கிறது பள்ளி இயற்பியல் புத்தகம். அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டினால் ஒலி ஏறி இறங்கும். ஒன்றை மட்டும் தட்டினால் சீராகத் தேய்ந்து அடங்கும். பழைய பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்களோ இந்த விதிக்கு அடங்காத கம்பிகளை அடிக்கடி சந்திக்கிறார்கள். ஒரு சுரத்துக்கு உரிய மூன்று கம்பிகளில் இரண்டை அடைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் ஒலிக்கவிட்டாலும் அது தன்னந்தனியாக விம்முகிறது. இதற்குப் பொய் விம்மல் என்று பெயர். சுருதி ஆணியை எத்தனை முறை திருகினாலும் அது போகாது. கோளாறு சுருதியில் இல்லையே!

அனுபவசாலி செய்யும் சோதனை எளிமையானது. கம்பி கடந்து செல்லும் மரக்கட்டையில் ஒரு சிறிய ஆணி இருக்கும். திருப்புளியின் நுனியால் அந்த ஆணியைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தச் சுரத்துக்குரிய விசையைத் தட்டுவார். விம்மல் நின்றுவிட்டால் குற்றவாளி அந்த ஆணிதான். அது தன் துளைக்குள் ஆடுகிறது. ஆணி ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம், மரத்தில் விழுந்த விரிசல்.

ஒரே கம்பி இரண்டு சுருதியில் ஒலிப்பது எப்படி? கம்பி ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் அதிர்கிறது. சுத்தியல் அடிக்கும் திசையில் முதலில். சற்று நேரத்தில் அதற்குக் குறுக்கே, பக்கவாட்டிலும். முதல் திசைக்குக் கம்பியின் எல்லை அது படிந்திருக்கும் மரத்தின் விளிம்பு. பக்கவாட்டு அசைவுக்கு எல்லை அந்த ஆணி. ஆணி இறுக்கமாக நின்றால் இரண்டு எல்லைகளும் ஒரே இடத்தில் அமையும். அது ஆடினால் பக்கவாட்டில் கம்பி கொஞ்சம் நீளமானதுபோல நடந்துகொள்ளும். அந்த அசைவின் சுருதி இறங்கும். எவ்வளவு போதும் தெரியுமா? 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கான கம்பி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம். நொடிக்கு ஒரு விம்மல் கேட்க, அந்த நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மாறியதுபோல் இருந்தாலே போதும்.

அந்தப் பக்கவாட்டு அசைவை அற்பமாக நினைக்கக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் வைன்ரைக் 1977-இல் பியானோக் கம்பிகளின் பிணைப்பு பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பியானோ ஒலி இரண்டு கட்டங்களாகத் தேய்கிறது: முதலில் ஓங்கி எழுந்து வேகமாக அடங்கும் பகுதி, பிறகு மெல்லியதாக நெடுநேரம் நிற்கும் பகுதி. ஒலிப்பலகை தன் தளத்துக்குச் செங்குத்தான திசையில் எளிதில் அசைந்து கொடுக்கும். ஆகவே அந்தத் திசை அதிர்வு தன் ஆற்றலைச் சீக்கிரம் இழக்கிறது. பக்கவாட்டு அதிர்வு மெதுவாகவே இழக்கிறது. அடியொலி தேய்ந்தபின் காதில் தங்கும் இனிமையில் ஒரு பங்கு இதிலிருந்து வருவது. அந்த அதிர்வின் எல்லைக்காவல் ஓர் இரண்டு மில்லிமீட்டர் ஆணியிடம் இருக்கிறது.

இனி அந்தக் கட்டையைப் பார்க்கலாம். வீணையிலும் வயலினிலும் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு உள்ள வேலைதான் இதற்கும். ஆனால் வயலின் குதிரை கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. கம்பியைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். பியானோவின் குதிரை ஒலிப்பலகையோடு பசையிட்டு, திருகாணியும் போட்டுப் பிணைத்த நீண்ட கட்டை. மேப்பிள் அல்லது பீச் போன்ற வன்மரத்தால் ஆனது. ஒன்றல்ல, இரண்டு: நடு, மேல் ஸ்தாயிகளுக்கு நீளமாக வளைந்து செல்லும் ஒன்று, செம்பு சுற்றிய கனமான கம்பிகளுக்காகக் கீழ் ஸ்தாயியில் குட்டையாக இன்னொன்று. ஒவ்வொரு கம்பியும் குதிரையைக் கடக்கும்போது இரண்டு ஆணிகளுக்கு இடையே நெளிந்து போகிறது. ஓர் ஆணி அதை இந்தப் பக்கம் தள்ள, மற்றது அந்தப் பக்கம் தள்ளும். இந்த நெளிவுதான் கம்பியை மரத்தோடு பிணைக்கிறது. நெளிவு இல்லையென்றால் கம்பி குதிரைமேல் துள்ளும், இரையும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கட்டையின் மேல் இரக்கம் வரும். பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். ஒவ்வொன்றும் சுமாராக 75 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோன்ற இழுப்பில் நிற்கிறது. மொத்தம் 17, 18 டன். இதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-இல் ஒரே வார்ப்பாகச் செய்த சட்டத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் கம்பிகளை இப்படி முறுக்கும் துணிச்சல் வந்தது. குதிரைக்கு வருவது இந்த இழுப்பின் சிறு பங்குதான். நெளிவு 10 பாகை என்று வைத்தால் ஒவ்வோர் ஆணியையும் கம்பி 13 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. தவிர, குதிரைமேல் ஏறி இறங்கும் கோணத்தால் ஒவ்வொரு கம்பியும் ஓரிரு கிலோ கீழ்நோக்கி அழுத்துகிறது. 13 கிலோ பெரிய சுமை அல்லதான். ஆனால் அது இரவிலும் பகலிலும், யாரும் வாசிக்காத வருடங்களிலும், தளராமல் அதே ஆணியை அதே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பழுதுபார்க்கப் பசையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இதை மறந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

வரிசையாக ஒரே நாரில் ஆணி அடித்தால் பலகை பிளக்கும் என்பது தச்சுப்பட்டறையில் முதல் வாரம் கற்றுக்கொள்ளும் பாடம். பியானோ செய்பவர்கள் இதைத் தெரிந்தே மீறுகிறார்கள், வேறு வழியில்லை. கம்பிகள் அருகருகே போகின்றன. ஆணிகளும் அருகருகே, குதிரையின் நீளவாக்கில், நாரோடு நாராக வரிசை கட்டுகின்றன. மரம் நாரின் திசையில் இழுத்தால் எடைக்கு எடை எஃகோடு போட்டிபோடும்; நாருக்குக் குறுக்கே இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. ஒவ்வோர் ஆணியும் ஓர் ஆப்பு. அதை அடித்து இறக்குவது பருவநிலை.

அமெரிக்க நடுமேற்கு மாநிலம் ஒன்றின் குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே வெப்பநிலை 0 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம். அதே காற்றை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதமாக விழுகிறது, பாலைவனக் காற்று. கோடையில் 70 சதவீத ஈரத்தில் 13 சதவீத நீரைக் குடித்திருந்த மேப்பிள், இந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் 5 சதவீதத்துக்கு வற்றிவிடும். நாரின் நீளவாக்கில் அது சுருங்குவதை அளக்கவே கருவி வேண்டும். குறுக்குவாக்கில் இரண்டரை சதவீதம் வரை சுருங்கும். உள்ளே இருக்கும் எஃகு ஆணி சுருங்காது. கோடையில் மரம் உப்பும்போது ஆணியைச் சுற்றியுள்ள நார்கள் நசுங்குகின்றன. நசுங்கிய நார் மீள்வதில்லை. குளிர்காலத்தில் மரம் பின்வாங்கும்போது துளை முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆணி ஆடத் தொடங்குகிறது. சில பத்தாண்டுகள் இப்படிப் போனால், ஓர் ஆணியிலிருந்து அடுத்ததற்கு ஒரு கோடு தெரியும்.

1909-இல் மட்டும் அமெரிக்காவில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. பெரும்பாலும் சுவரோரம் நிற்கும் செங்குத்து வகை. அவற்றில் எஞ்சியவைதான் இன்றைக்குப் பழுதுபார்ப்பவரின் முக்கிய நோயாளிகள். பெரும்பாலும் அடிவாங்குவது கீழ் ஸ்தாயிக் குதிரை. அதன் ஆணிகள் கனம், கம்பிகளும் கனம். அது ஒலிப்பலகையின் ஓரத்தில் அமைந்துவிடாதபடி ஒரு நீட்டுப் பலகையில் பொருத்தியிருப்பதும் உண்டு. அங்கே வெடித்தால் பொய் விம்மலோடு நிற்காது: தகர டப்பாவைத் தட்டிய இரைச்சல் வரும், சுருதி நிற்காது, இன்னும் முற்றினால் ஆணிகள் வரிசையாகச் சாய்ந்து கம்பிகள் இடம் மாறிவிடும். பட்டறையில் செங்குத்து அடுக்குகளாக ஒட்டிய மேப்பிளால் குதிரை செய்வதும், மேலே தனி மூடி ஒட்டுவதும் இந்தப் பிளவைத் தடுக்கத்தான். ஆனால் மலிவு விலைப் பியானோக்களில் ஒரே கட்டையைச் சீவி வைத்திருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விரிசல் அறிகுறி மட்டுமே. நோய் ஆணியின் ஆட்டம். மேலாகத் தெரியும் ஒரு மயிரிழைக் கீறல் ஆணியைத் தொடாமல் ஓடினால் அதை அப்படியே விட்டுவிடலாம். கண்ணுக்கே தெரியாத பிளவு ஆணியின் வேர் வரை போயிருந்தால் அதுதான் ஆபத்து. ஆகவே இந்த வேலையில் பசையின் பணி கோட்டை மூடுவது அல்ல. ஆணியைச் சுற்றி மறுபடி ஒரு திடமான சுவரைக் கட்டுவது. விரிசலின் வாயில் பசையைத் தடவி, வழித்து, மேலே வழவழப்பாக்கிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும் பழுதுபார்ப்பு ஒரு பூச்சுவேலை. அடுத்த குளிர்காலம் அதைக் கழற்றிக் காட்டிவிடும்.

எந்தப் பசை? வலிமையை மட்டும் பார்த்தால் எல்லாமே தேறும். சரியாக ஒட்டிய எந்த மரப்பசையும் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அளவுக்கு வெட்டுவிசை தாங்கும். டப்பாவின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது அதனால்தான் பயனற்றது. பார்க்க வேண்டியவை வேறு: பசை உள்ளே போகுமா, இறுகும்போது சுருங்குமா, ஓயாத சுமையில் மெல்ல மெல்ல இழுபடுமா.

வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை, இந்தப் பியானோக்கள் பிறந்தபோது எல்லா இடத்திலும் இருந்தது. ஒலிப்பலகையும் குதிரையும் அதனால்தான் ஒட்டப்பட்டன. இறுகினால் கண்ணாடிபோல விறைக்கும், சுமையில் நழுவாது. வெந்நீரும் சூடும் கொடுத்தால் பிரிந்தும் வரும். ஆனால் அது இறைச்சிச்சாறு உறைவதுபோல சூடு ஆறியதுமே கெட்டியாகிவிடும். குறுகிய பிளவின் ஆழத்துக்குப் போவதற்குள் கதை முடிந்துவிடும். நீர் ஆவியானதும் வெகுவாகச் சுருங்கும், இடைவெளியை நிரப்பாது.

ஃபெவிக்கால் வகை வெள்ளைப் பசையின் சிக்கலும் நீர்தான். அதில் ஏறத்தாழ பாதி நீர். ஒட்டும் பரப்புகள் பொருந்தி, கிளாம்ப் போட்டு அழுத்த முடிந்தால் அதற்கு ஈடில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் அதுவே போதும். குதிரையில் ஆணிகள் குறுக்கே நிற்கும்போது பிளவை முழுமையாக மூட முடியாது. நீர் வற்றியபின் பிளவுக்குள் மிஞ்சுவது பாதி இடம். இன்னொரு குறை அதைவிடப் பெரியது. இந்தப் பசையின் அடிப்படையான பாலிவினைல் அசிட்டேட் 30 பாகையை ஒட்டியே விறைப்பிலிருந்து மென்மைக்கு மாறத் தொடங்குகிறது. நாற்காலியில் நாம் எழுந்து போனதும் சுமை விலகுகிறது, பசைக்கு ஓய்வு. பியானோக் கம்பி எழுந்து போகாது. வருடக்கணக்கில் 13 கிலோ ஒரே பக்கம் தள்ளினால் பசை மெல்ல நகர்ந்து கொடுக்கும், ஆணி மறுபடி சாயும். உடையாமலேயே தோற்கும் பசை இது.

மிச்சம் இருப்பவை இரண்டு: எபாக்சி, சயனோஅக்ரிலேட். வீட்டு மொழியில் அரால்டைட், ஃபெவிக்விக்.

சயனோஅக்ரிலேட்டின் பிறப்பு தற்செயல். 1942-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரும் சகாக்களும் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இதைக் கண்டார்கள். தொட்டதோடெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார்கள். 1951-இல் மறுபடி கண்ணில் பட்டது: அதன் ஒளிவிலகலை அளக்க முயன்ற ஒருவர் விலையுயர்ந்த கருவியின் இரண்டு பட்டகங்களைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டார். 1958-இல் சந்தைக்கு வந்தது. பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரமே அதை இறுக வைக்கிறது. மரத்தின் லேசான அமிலத்தன்மையோ அந்த வினையைத் தாமதப்படுத்துகிறது. பியானோக்காரருக்கு இந்தத் தாமதம் வரம். பசை ஊற நேரம் கிடைக்கிறது.

அதன் உண்மையான பலம் பாகுநிலை. மெல்லிய வகை தண்ணீரைவிட இரண்டு மூன்று மடங்குதான் கெட்டி. படகுக்காரர்கள் பயன்படுத்தும் இளகிய எபாக்சிகூடத் தண்ணீரைவிட ஏறத்தாழ 1000 மடங்கு கெட்டி. கடையில் இரட்டைக் குழாயில் விற்பது அதையும் மிஞ்சும். நுண்புழையில் திரவம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். பரப்பு இழுவிசை ஒன்றுபோல இருக்கும் என்று வைத்தால், குறிப்பிட்ட ஆழத்தை எட்டும் நேரம் பாகுநிலையின் விகிதத்தில் கூடும். சயனோஅக்ரிலேட் 5 நொடியில் எட்டும் ஆழத்துக்கு இளகிய எபாக்சி போக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அதற்குள் எபாக்சி இறுகத் தொடங்கிவிடும். இரட்டைக் குழாய்ப் பசைக்கோ மணிக்கணக்கில் ஆகும். அது விரிசலின் வாயில் அமர்ந்து அங்கேயே கல்லாகிவிடும். பழுதுபார்ப்புகள் தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் அறியேன்.

ஆகவே மயிரிழைப் பிளவுக்கும் லேசாக ஆடும் ஆணிக்கும் மெல்லிய சயனோஅக்ரிலேட். கம்பிகளைக் கழற்ற வேண்டியதில்லை. செங்குத்துப் பியானோவில் குதிரை சுவர்போல நிற்கும். பசை ஆணித்துளைக்குள் போகாமல் ஒலிப்பலகையில் வழியும். அதனால் 200 கிலோவுக்கும் மேலான அந்தப் பெட்டியை, அதற்கென்றே செய்த வண்டியின் உதவியோடு, முதுகில் படுக்கவைக்க வேண்டும். தனியாள் செய்யும் வேலை அல்ல. இரும்புச் சட்டம் பின்பக்கம் இருப்பதால் ஒரு கோணத்தைத் தாண்டியதும் அதுவே விழத் தொடங்கும். பிறகு ஊசிமுனைக் குழாயால் ஒவ்வோர் ஆணியின் அடியிலும் ஒரு துளி, காத்திருப்பு, மறுபடி ஒரு துளி. மரம் குடிப்பதை நிறுத்தும்வரை. கம்பியில் பட்ட பசையை உடனே ஒற்றி எடுக்காவிட்டால் அதன் ஒலி மங்கும். பருத்தித் துணியால் ஒற்றப்போனால் விரல் சுடும். பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை வெப்பத்தை உமிழ்ந்து கொதிக்கும், புகையும். கண்ணை எரிக்கும் அதன் ஆவிக்காக ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். இறுகிய சயனோஅக்ரிலேட் நொறுங்கும் தன்மையது. மயிரிழையைவிட அகலமான இடைவெளியை அது நிரப்பாது.

சிலர் பசையே இல்லாமல் கம்பியைக் குதிரைமேல் தட்டி அமர்த்துவார்கள். விம்மல் உடனே போய்விடும், சில வாரங்களில் திரும்பி வரும். அதற்குள் மரத்தின் விளிம்பில் ஒரு பள்ளம் கூடியிருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பிளந்த கீழ் ஸ்தாயிக் குதிரைக்கு எபாக்சியே வழி. எபாக்சியில் ஆவியாகிப் போக எதுவும் இல்லை. இரண்டு பாகங்களும் வினைபுரிந்து அப்படியே திடமாகின்றன. எனவே சுருக்கம் மிகக் குறைவு, இடைவெளியை நிரப்பும், சுமையில் நழுவாது. சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தானின் ஆய்வைத் தொடர்ந்து 1940-களின் நடுவில் சிபா நிறுவனம் அரால்டைட் என்று வெளியிட்டபோது உலோகங்களை ஒட்டத்தான் அது பேசப்பட்டது. மரத்துக்குள் ஊடுருவும் இளகிய வகைகளை வளர்த்தவர்கள் மரப்படகு கட்டியவர்கள்.

முதலில் அந்தப் பகுதிக் கம்பிகளைச் சுற்றுச் சுற்றாக, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஒரேயடியாக விட்டால் சட்டத்தின் மேல் சுமை கோணலாகும். சுமை நீங்கியதும் பிளவு ஓரளவு தானாகவே மூடிக்கொள்ளும். ஆணிகளைப் பிடுங்கி, வரிசை மாறாமல் வைத்து, துளையிலும் பிளவிலும் இருக்கும் தூசைச் சுரண்ட வேண்டும். இங்கே ஒரு பழைய எதிரி காத்திருக்கிறது. குதிரையின் மேற்பரப்பில் கம்பி வழுக்கிச் செல்ல கிராஃபைட் பூசுவது வழக்கம். கிராஃபைட், எண்ணெய், இரைச்சலை நிறுத்த யாரோ எப்போதோ அடித்த சிலிக்கோன் ஸ்பிரே, இவை இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் மரத்தை நனைக்காது. நனைக்காத பசை ஒட்டாது.

அடுத்தது ஓர் அழகான தந்திரம். மரத்தை முடியுலர்த்தியால் வெதுவெதுப்பாக்கி, காற்றை நிறுத்திவிட்டு எபாக்சியை விட வேண்டும். சூட்டில் பசை இளகும். மரம் ஆறும்போது அதன் நுண்துளைகளில் இருக்கும் காற்று சுருங்கி, பசையை உள்ளே இழுக்கும். முறை மாறி, பசை விட்டபிறகு சூடாக்கினால் காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறும். பத்து பாகை சூடு கூடினால் பசை இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூடுதலாகக் கலப்பது எபாக்சியில் வேலைக்கு ஆகாது; வினைபுரியத் துணை கிடைக்காத மூலக்கூறுகள் உள்ளேயே தங்கி அதை ரப்பராக்கும். பசை நிரம்பிய துளைகளில் ஆணிகளைச் செருகி, குதிரையின் பக்கங்களில் கிளாம்ப் போட்டு, குறைந்தது ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். கம்பியேற்றுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நூறு வயதான செம்புக் கம்பிகளில் ஒன்றிரண்டு இந்தக் கட்டத்தில் அறுந்தால் பழியைப் பசைமேல் போட முடியாது.

பிளாஸ்டிக்கை ஊற்றினால் நாதம் கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிய எபாக்சியின் விறைப்பு, நாரின் நீளவாக்கில் மேப்பிளுக்கு இருப்பதில் கால் பங்குதான். ஆனால் நாருக்குக் குறுக்கே மேப்பிளுக்கு இருப்பதைவிட மிகுதி. விரிசல் பிரித்திருந்தது குறுக்குவாக்கைத்தான். காலியாக இருந்த இடத்தில் மரத்தைவிட விறைப்பான ஒரு மெல்லிய ஏடு வந்திருக்கிறது; கூடிய எடை சில கிராம். ஒரு ஆடும் ஆணி விழுங்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது.

குதிரையின் ஒரு வரிசை முழுக்க உதிர்ந்து, ஆணிகள் எல்லாம் சாய்ந்துவிட்டால் பசை உதவாது. மேல்பகுதியை உளியாலும் இழைப்புளியாலும் எடுத்துவிட்டு, துளைகளின் இடத்தைத் தாளில் தேய்த்துப் பிரதியெடுத்து, புது மேப்பிள் மூடி ஒட்டி, மறுபடி துளைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் விளிம்பைச் செதுக்க வேண்டும். கூலி பல நேரங்களில் பியானோவின் சந்தை விலையைத் தாண்டும். அருங்காட்சியகத்தில் இருக்கும் கருவிக்கோ கணக்கு தலைகீழ். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1720-ஆம் ஆண்டுக் கிறிஸ்டோஃபோரி பியானோ போன்ற ஒன்றில் எபாக்சியை ஊற்ற எந்தக் காப்பாளரும் எளிதில் ஒப்பமாட்டார். அதைத் திரும்ப எடுக்க முடியாது. அங்கே வச்சிரத்துக்குத்தான் முதலிடம். அது நழுவினால் அடுத்த தலைமுறை வெந்நீர் ஊற்றிப் பிரித்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் பயிற்சி செய்யும் வீட்டுப் பியானோவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை: முதலில் திருப்புளிச் சோதனை, விம்மல் நின்றால் மெல்லிய சயனோஅக்ரிலேட், பிளவு கண்ணுக்குத் தெரிந்தால் எபாக்சி. கூடவே அறையில் ஒரு ஈரப்பத மானி. அதன் முள் ஆண்டு முழுக்க 40-க்கும் 60-க்கும் இடையில் நின்றால் அடுத்த ஆணி ஆடுவதற்குப் பல வருடங்கள் ஆகும்.